பார்வை போன கண்ணுக்கும் பகல் தெரியும்: இரண்டு பேரை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஒருவர் 56 வயது ஆண். மற்றவர் 87 வயதுப் பெண். இருவருக்கும் கண் இருக்கிறது, பார்வை அறவே இல்லை. மங்கலாகத் தெரிகிறது, நிழல் மாதிரி ஏதோ அசைகிறது என்று சொல்லும் அளவுக்குக்கூட மிச்சமில்லை. முகத்துக்கு நேராக விளக்கைக் காட்டி "வெளிச்சம் தெரிகிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். விழித்திரையில் ஒளியை வாங்கிப் படமாக்கித் தரும் செல்கள் இருவருக்குமே செயலிழந்துவிட்டன. கண் மருத்துவத்தின் வழக்கமான கணக்குப்படி, அந்தக் கண்களின் வேலை அத்தோடு முடிந்தது.

முடியவில்லை என்று காட்டியது 2007 டிசம்பரில் 'கரன்ட் பயாலஜி' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு. ஃபர்ஹான் ஜைதி, ஸ்டீவன் லாக்லி, சார்லஸ் சைஸ்லர், ரஸ்ஸல் ஃபாஸ்டர் உள்ளிட்டோர் சேர்ந்து செய்தது. ஆயிரக்கணக்கான பேரை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, இரண்டே பேர். ஆனால் இந்த இரண்டு பேரின் கதையைப் புரிந்துகொண்டால் கண் என்ற உறுப்பைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதி விட்டுப்போயிருக்கிறது என்பது தெரியும். அதனால்தான் மற்ற பெரிய ஆய்வுகளையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டு இதை முன்னால் வைக்கிறேன்.

முதலில் அந்த ஆண்

அவரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, ஆறரை மணி நேரம் ஒரே நிற வெளிச்சத்தைக் கண்ணில் படவைத்தார்கள். ஒரு முறை 460 நானோமீட்டர் நீலம். இன்னொரு முறை 555 நானோமீட்டர் பச்சை. அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான், எதுவுமே தெரியாது.

ஏன் இந்த இரண்டு நிறம் என்பதில்தான் சோதனையின் சாமர்த்தியம் இருக்கிறது. பகலில் நாம் பார்ப்பது கூம்பு செல்களால். அந்தப் பார்வைக்கு மிக எடுப்பாகத் தெரியும் அலைநீளம் 555. யாருக்கும் தெரியாமல் அவருடைய விழித்திரையின் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் கூம்பு செல்கள் பிழைத்துக் கிடந்து, அவைதான் வெளிச்சத்தை உடம்புக்குச் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பச்சைதான் ஜெயித்திருக்க வேண்டும். ஜெயித்தது நீலம். அவர் ரத்தத்தில் மெலடோனின் அடங்கியது, உடல் கடிகாரம் நகர்ந்தது, பச்சை வெளிச்சத்தில் இருந்ததைவிட விழிப்பும் கூடியிருந்தது.

மெலடோனின் என்பது இருட்டியதும் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் ஏறும் ஹார்மோன். "ராத்திரியாகிவிட்டது" என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது அதன் வேலை. தூங்கவைக்கும் மருந்து என்று பலர் நினைக்கிறார்கள், அது அவ்வளவு சரியில்லை. இரவில் நடமாடும் விலங்குகளுக்கும் இரவில்தான் மெலடோனின் ஏறும். அது நேரம் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தத் தண்டோராவைப் பாதியிலேயே நிறுத்தும் உரிமை வெளிச்சத்துக்கு உண்டு. ஒரு துளி வெளிச்சத்தையும் உணராத மனிதரிடம் அந்த உரிமை அப்படியே பத்திரமாக இருந்தது.

அப்புறம் அந்தப் பெண்மணி

இவரிடம் பார்த்தது கண்பாவையை, அதாவது கருவிழியின் நடுவே வெளிச்சத்தில் சுருங்கி இருட்டில் விரியும் கறுப்பு வட்டத்தை. ஒவ்வொரு அலைநீளமாக மாற்றி மாற்றி ஒளியைக் காட்டி, எந்த நிறத்துக்குப் பாவை மிக நன்றாகச் சுருங்குகிறது என்று வரைபடம் போட்டார்கள். உச்சம் 480 நானோமீட்டரில் வந்தது.

இந்த எண் ஒரு கைரேகை மாதிரி. இருட்டில் பார்க்க உதவும் குச்சி செல்களின் உச்சம் 500-ஐ ஒட்டி இருக்கிறது. கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றின் உச்சங்கள் ஏறக்குறைய 420, 530, 560. இவற்றில் எதோடும் 480 பொருந்தாது. அது மெலனாப்சின் என்ற புரதத்தின் எண்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் பாதித்தது. 480 நானோமீட்டர் ஒளியை வைத்து, வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அவரிடமே கேட்டார்கள். வெளிச்சமே தெரியாது என்று பதிவான ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று தோன்றும். அவர் சரியாகச் சொன்னார்.

இதைப் படித்துவிட்டுப் பார்வை திரும்பிவிடும் என்று யாரும் நம்பிக்கை வளர்த்துக்கொள்ள வேண்டாம், குறிப்பாக வீட்டில் பார்வையிழந்தவர் இருந்தால். விளக்கின் உருவம், அது எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு தூரம், இதெல்லாம் அவருக்குத் தெரியாது. அவரால் சொல்ல முடிந்தது இருக்கிறது, இல்லை என்பது மட்டும். ஆனாலும், மருத்துவக் குறிப்பில் 'ஒளியுணர்வு இல்லை' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்த ஒரு பதில் பெரிய அடி. 2013-இல் வேறொரு குழு இதேபோல் மூன்று பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து நீல வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தது. மூவருமே வெளிச்சம் இருப்பதைத் தற்செயலைத் தாண்டிய அளவில் சரியாகச் சொன்னார்கள், அவர்கள் மூளையில் கவனத்தோடு தொடர்புள்ள பகுதிகளில் செயல்பாடு கூடியது.

யாரும் தேடாத ஒரு புரதம்

இது ஒரே நாளில் வந்த கண்டுபிடிப்பு இல்லை. 1923-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த கிளைட் கீலர், எலிகளின் கண்ணை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தபோது சில எலிகளுக்குக் குச்சி செல்களே இல்லை என்று கவனித்தார். அந்த எலிகளுக்குப் பார்வை இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வெளிச்சம் பட்டால் பாவை சுருங்கியது. கருவிழியை அசைக்க வேறு ஏதோ வழி இருக்கிறது என்று அவர் அப்போதே எழுதிவைத்தார். ஏறக்குறைய எழுபது வருடம் அது பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒரு மாணவர் கண்ணால் கண்டதை எழுதியிருக்கிறார், அதைப் புத்தகத்தில் இருப்பதோடு பொருந்தவில்லை என்பதற்காக உலகம் ஓரமாக வைத்துவிட்டது. நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

1991-இல் ரஸ்ஸல் ஃபாஸ்டரும் மற்றவர்களும் விழித்திரை சிதைந்த எலிகளின் உடல் கடிகாரம் சாதாரண எலிகளைப் போலவே வெளிச்சத்துக்கு ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். கண்ணையே எடுத்துவிட்டால் அந்தத் திறன் போய்விடும். ஆக, சங்கதி கண்ணுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பார்க்கும் செல்களில் இல்லை. 1995-இல் சைஸ்லர் குழு மனிதரிடம் வந்தது. பார்வையற்ற 11 பேரில் 3 பேருக்குப் பளிச்சென்ற வெளிச்சத்தில் மெலடோனின் இறங்கியது. கண்ணை மூடிக் கட்டிவிட்டு அதே வெளிச்சத்தைக் காட்டினால் இறங்கவில்லை.

சரி, அந்தப் புரதம் எது? விடை கிடைத்தது கண்ணில் இல்லை, தவளையின் தோலில். ஆப்பிரிக்க நகத்தவளையின் தோலில் கறுப்பு நிறமியைச் சுமக்கும் செல்கள் இருக்கின்றன, அவற்றின் மேல் வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் நிறமி நகர்ந்து பரவும். இக்னேஷியோ பிரோவென்சியோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1998-இல் அந்தச் செல்லிலிருந்து ஒளியுணரும் புரதம் ஒன்றைப் பிரித்து மெலனாப்சின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2000-இல், அதே புரதம் மனித விழித்திரையிலும் இருக்கிறது என்று அவர்களே காட்டினார்கள். அது இருந்த இடம்தான் எல்லாரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது: ஒளியை வாங்கும் வெளியடுக்கில் அல்ல, உள்ளடுக்கில், மூளைக்குச் சேதி கொண்டுபோகும் கேங்லியன் செல்கள் சிலவற்றில். அந்தச் செல்களை அதுவரை வெறும் கம்பி என்றுதான் நினைத்திருந்தார்கள்.

கம்பி தானே வெளிச்சத்தை உணர்கிறதா என்பதை 2002-இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெர்சன் குழு நேரடியாகச் சோதித்தது. அதன் செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு தெளிவான வேலை அது. எலியின் மூளையில் உடல் கடிகாரம் இருக்கும் இடத்தில் ஒளிரும் நுண்மணிகளைச் செலுத்தினார்கள். அவை நரம்பிழைகள் வழியே பின்னோக்கி நடந்து கண்ணுக்கு வந்து, கடிகாரத்தோடு நேரடித் தொடர்புள்ள கேங்லியன் செல்களில் மட்டும் சேர்ந்தன. இப்போது விழித்திரையைத் தனியே எடுத்து வைத்தால் எந்தச் செல் என்று கண்ணுக்கே தெரியும். அந்தச் செல்லில் நுண் மின்முனையை வைத்தார்கள். குச்சி, கூம்பு செல்களிலிருந்து எந்தச் சேதியும் வராதபடி மருந்துகளால் இடையிணைப்புகளை அடைத்தார்கள். பிறகு வெளிச்சம். செல் கிளர்ந்தது. சுற்றியிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் அதைப் பிரித்து எடுத்தபோதும் கிளர்ந்தது. அதே சமயம் சாமர் ஹட்டார் குழு மெலனாப்சின் இருக்கும் செல்களின் நரம்பிழைகள் மூளையில் எங்கெல்லாம் போகின்றன என்று வரைந்து காட்டியது.

மனித விழித்திரையில் குச்சி செல்கள் 9 கோடிக்கு மேல், கூம்பு செல்கள் அரைக் கோடி அளவில், கேங்லியன் செல்கள் பத்து லட்சத்துக்கும் மேல். மெலனாப்சின் சுமக்கும் கேங்லியன் செல்கள் சில ஆயிரம்தான். அந்த ஆணின் இரவையும் பகலையும் தாங்கிக்கொண்டிருந்தது அந்தச் சில ஆயிரம்.

புரதம் எப்படி வேலை செய்கிறது

குச்சி செல்லில் இருக்கும் ரொடாப்சின், கூம்பு செல்லின் ஆப்சின்கள், இந்த மெலனாப்சின், எல்லாமே ஒரே குடும்பம். எல்லாவற்றின் மடியிலும் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கும். ஓர் ஒளித்துகள் பட்டால் அது நிமிரும், அது நிமிர்ந்தால் புரதத்தின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் செல்லுக்குள் சேதி கிளம்பும். இதுவரை ஒரே மாதிரிதான்.

அதற்கப்புறம் வழி பிரிகிறது. குச்சி, கூம்பு செல்கள் வெளிச்சம் பட்டால் அடங்கும். அந்த அடக்கம்தான் அவற்றின் சேதி. மெலனாப்சின் செல் வெளிச்சம் பட்டால் கிளரும், பூச்சிகளின் கண்ணில் நடப்பதைப் போல. அமைப்பிலும் அது நம் மற்ற ஆப்சின்களைவிட முதுகெலும்பில்லாத உயிர்களின் ஆப்சின்களுக்குத்தான் நெருக்கம். நம் கண்ணுக்குள் இவ்வளவு பழைய பாணியில் இயங்கும் ஒரு செல் இருக்கிறது என்பதை முதலில் அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே மலைப்பாக இருந்தது.

இன்னொரு வித்தியாசம் வேகம். பந்து பறந்து வருவதைப் பார்க்க வேண்டிய கூம்பு செல் நொடியின் சிறு பகுதிக்குள் பதில் சொல்லி அடுத்ததற்குத் தயாராகிவிட வேண்டும். மெலனாப்சின் செல் மெதுவாகத் தொடங்கும். தொடங்கினால் வெளிச்சம் இருக்கும்வரை விடாது, நின்ற பிறகும் சிறிது நேரம் ஓயாது. அது படம் பிடிக்கவில்லை, மொத்தம் எவ்வளவு வெளிச்சம் என்று கூட்டிக்கொண்டே இருக்கிறது. இதை வெளியிலிருந்தே பார்க்கலாம். பார்வையுள்ள ஒருவரின் கண்ணில் சில நொடி பளிச்சென்ற சிவப்பு ஒளியைக் காட்டி அணைத்தால் சுருங்கிய பாவை சீக்கிரம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அதே பளிச்சில் நீல ஒளியைக் காட்டி அணைத்துப் பாருங்கள்: அறை இருட்டாகிவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது, பாவை மட்டும் இன்னும் வெளிச்சத்தில் இருப்பது போலச் சுருங்கியே நிற்கும், சில பத்து நொடிகளுக்கு. அந்தப் பிடிவாதம் மெலனாப்சினுடையது. கண்ணைத் தொடாமல் அந்தச் செல்களின் நலத்தை அறிய மருத்துவ ஆய்வுகளில் இதைத்தான் அளக்கிறார்கள்.

கண்ணிலிருந்து கழுத்து வழியாக

மெலனாப்சின் செல்களின் இழைகள் பார்வை நரம்பிலேயேதான் போகின்றன, ஆனால் போய்ச் சேரும் இடங்கள் வேறு. முக்கியமானது ஹைப்போதலாமஸின் கீழ்ப்பகுதியில், இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் ஒரு ஜோடி நரம்புக் கொத்து. இரண்டும் சேர்த்து சுமார் 20,000 நரம்பணுக்கள். இதுதான் உடம்பின் தலைமைக் கடிகாரம். உடல் வெப்பம் எப்போது ஏற வேண்டும், கார்ட்டிசால் எப்போது சுரக்க வேண்டும், பசி எப்போது, உறக்கம் எப்போது என்று கல்லீரல் வரை எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பது இது.

இங்கிருந்து பீனியல் சுரப்பிக்கு நேராக நாலு அங்குலம்கூட இருக்காது. சேதி நேராகப் போகாது. ஹைப்போதலாமஸிலேயே இன்னொரு கொத்துக்குப் போய், அங்கிருந்து தண்டுவடம் வழியே மேல்முதுகு வரை இறங்கி, வெளியே வந்து, கழுத்தில் இருக்கும் ஒரு நரம்பு முடிச்சில் ஏறி, அங்கிருந்து திரும்பவும் மண்டைக்குள் நுழைந்துதான் சுரப்பியை அடையும். அதனால்தான் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுதாக அறுபட்டவர்களுக்குக் கண் நன்றாக இருந்தாலும் இரவு மெலடோனின் சுரப்பதில்லை. நம் ஆய்வில் வரும் ஆணுக்கு இந்தச் சுற்றுப்பாதை முழுவதும் ஒழுங்காக இருந்தது, முதல் படியில் மெலனாப்சினும் இருந்தது.

இன்னும் சில இழைகள் பாவையைச் சுருக்கும் மையத்துக்குப் போகின்றன. இன்னும் சில மனநிலையோடு தொடர்புள்ள பகுதிகளுக்கு. எலிகளை மூன்றரை மணி நேரம் வெளிச்சம், மூன்றரை மணி நேரம் இருட்டு என்ற விசித்திரமான நாளில் வைத்தபோது, உடல் கடிகாரம் குலையாமலே அவை சோர்ந்து போயின, கற்கும் திறனும் குறைந்தது. மெலனாப்சின் செல்கள் இல்லாத எலிகளுக்கு அப்படி ஆகவில்லை. 2012-இல் வந்த இந்த முடிவு, வெளிச்சம் மனதைத் தொடுவதற்குத் தனி வழி இருக்கிறது என்று சொல்கிறது. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான், ஆனால் குளிர்காலச் சோர்வுக்கு வெளிச்ச சிகிச்சை ஏன் பலன் தருகிறது என்று யோசிப்பவர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது.

இடையில் ஒன்று. 1998-இல் முழங்காலின் பின்பக்கம் வெளிச்சம் பாய்ச்சினாலே மனித உடல் கடிகாரம் நகர்கிறது என்று ஒரு ஆய்வு வந்து பெரிய பரபரப்பானது. பிறகு கவனமாகத் திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. பாலூட்டிகளில் உடல் கடிகாரத்தைத் திருத்தும் வெளிச்சம் நுழைய ஒரே வாசல் கண்தான். வாசல் ஒன்றே என்பதால்தான் அடுத்து வருவது இவ்வளவு முக்கியமாகிறது.

வாசல் அடைபட்டவர்களுக்கு என்ன ஆகிறது

மனித உடல் கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தில் ஓடுவதில்லை. சராசரியாக 24 மணி 10 நிமிடத்துக்குச் சற்று மேல். தினமும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு முள்ளைத் திருத்துவதால் நமக்கு அது தெரிவதில்லை. வெளிச்சமே உள்ளே போகாவிட்டால்? கடிகாரம் தன்போக்கில் ஓடும். ஒருவருடைய கடிகாரம் 24 மணி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இன்று இரவு 11-க்குத் தூக்கம் வருகிறது, நாளை 11:30, நான்கு நாளில் 1 மணி. மூன்றரை வாரத்தில் உடம்புக்கு நடுநிசி என்பது உச்சிவெயில் நேரத்தில் வந்து நிற்கும். இன்னும் மூன்றரை வாரத்தில் சுற்றி வந்து எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும், சில நாள். திரும்பவும் நழுவும். ஒளியுணர்வு அறவே இல்லாத பார்வையற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படித்தான் வாழ்கிறார்கள். 24 மணி நேரத்தில் அடங்காத உறக்கக் கோளாறு என்று இதற்கு மருத்துவத்தில் பெயர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது நோயாகவே தெரியாது. போன வாரம் நன்றாக இருந்தவர் இந்த வாரம் பகலில் தூங்கி விழுகிறார், இரவில் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். சோம்பேறித்தனம் என்று சொல்வார்கள், மனச்சோர்வு என்று சொல்வார்கள், தூக்க மாத்திரை கொடுப்பார்கள். நல்ல வாரத்தில் மாத்திரை வேலை செய்வது போலிருக்கும், கெட்ட வாரத்தில் வேலை செய்யாது. கண்ணில் தொடங்கும் பிரச்சினை என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் கண்ணின் கணக்கை முன்னமே முடித்துவிட்டார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. வெளிச்சத்தால் திருத்த முடியாத கடிகாரத்தை மெலடோனினைக் கொண்டே திருத்தலாம். 2000-இல் வந்த ஓர் ஆய்வில் முழுப் பார்வையிழந்த 7 பேருக்குத் தினமும் படுக்கும் நேரத்தில் 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தபோது 6 பேரின் கடிகாரம் 24 மணி நேரத்தில் வந்து நின்றது. அதைவிட மிகக் குறைந்த அளவும் வேலை செய்யும் என்று பின்னால் தெரிந்தது. மெலடோனின் ஏற்பிகளில் வேலை செய்யும் டாசிமெல்டியான் என்ற மருந்துக்கு 2014-இல் அமெரிக்காவில் இந்தக் கோளாறுக்காகவே அனுமதி கிடைத்தது. எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம், அதனால் இதைச் சொந்தமாக முயன்று பார்க்காமல் உறக்க மருத்துவரிடம் போவதே சரி.

எல்லாப் பார்வையிழப்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் இருவருக்கும் போனது வெளியடுக்கு, கேங்லியன் செல்கள் மிஞ்சின. முற்றிய கண்ணழுத்த நோயில் (கிளாகோமா) நிலைமை தலைகீழ். அது தாக்குவதே கேங்லியன் செல்களையும் பார்வை நரம்பையும், அதனால் மெலனாப்சின் செல்களும் சேர்ந்து குறைகின்றன. ஆனால் லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோயில் மற்ற கேங்லியன் செல்கள் சாகும்போதும் மெலனாப்சின் செல்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன என்று 2010-இல் காட்டப்பட்டது. பார்வை போன நோயாளிக்குப் பாவை இன்னும் நன்றாகச் சுருங்குவதைப் பல ஆண்டுகளாக மருத்துவர்கள் கண்டு வியந்ததற்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது.

2010-இல் ஒற்றைத் தலைவலி உள்ள பார்வையற்ற 20 பேரைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. கண்ணை எடுத்துவிட்டதாலோ பார்வை நரம்பு அழிந்ததாலோ ஒளியே உள்ளே போக வழியில்லாத 6 பேருக்கு வெளிச்சத்தால் தலைவலி கூடவில்லை. படம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் இருப்பதை உணரக்கூடிய 14 பேருக்குக் கூடியது. பார்வையில்லாதவர் "விளக்கை அணையுங்கள், தலை வலிக்கிறது" என்று சொன்னால் அவர் பாவனை செய்யவில்லை, வலி உண்மையானது.

பார்வையுள்ளவர்களுக்கு

அதே புரதம் நம் கண்ணிலும் வேலை செய்துகொண்டிருப்பதால் சுருக்கமாகச் சில வார்த்தை. நம் கண் வெளிச்சத்துக்குப் பழகிக்கொள்வதில் கெட்டி. அறைக்குள் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே போதுமான வெளிச்சம் என்று தோன்றிவிடும், வெளியே பகலில் 10,000 லக்ஸுக்கு மேல் சாதாரணமாக இருக்கும். பார்வைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகப் படுவதில்லை. கூட்டிக்கொண்டே இருக்கும் மெலனாப்சினுக்குப் படுகிறது. 2022-இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள்: மெலனாப்சினின் உணர்திறனை வைத்துக் கணக்கிட்ட லக்ஸ் அளவில், கண்ணின் மட்டத்தில், பகலில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10-க்கு மேல் வேண்டாம், தூங்கும்போது 1-க்குள்.

இந்தப் பட்டியலில் எல்லாரும் பிடித்துக்கொள்வது இரண்டாவதை மட்டும்தான். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, போன் திரையை மஞ்சளாக்குவது என்று அதைச் சுற்றியே பேச்சு. 2015-இல் 12 பேரை வைத்துச் செய்த ஆய்வில், படுக்கும் முன் சில மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு மெலடோனின் ஏறுவது ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது உண்மைதான். ஆனால் அவர்கள் பகல் முழுவதும் மங்கலான அறையில் இருந்தவர்கள். என் கருத்தில் முதல் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும், பகலில் வெளியே போவது. இன்னொன்று, பார்வையுள்ளவர்களில் கூம்பு செல்களும் கடிகாரத்துக்குச் சேதி அனுப்புகின்றன, குறிப்பாக வெளிச்சம் பட்ட ஆரம்பத்திலும் மங்கலான ஒளியிலும். நீலத்தை மட்டும் வடிகட்டிவிட்டுப் பளிச்சென்ற பச்சையில் உட்கார்ந்திருந்தால் கடிகாரம் ஏமாறாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது

பார்வை போன கண் வலிக்கிறது, அல்லது பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வரும். புற்றுநோயோ கட்டுக்கடங்காத வலியோ இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இன்னொரு கண்ணும் இல்லாதவர், அல்லது அதிலும் பார்வை இல்லாதவர் என்றால், எடுக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தே தீர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீல ஒளிக்குப் பாவை சுருங்குகிறதா? சுருங்கி, விளக்கு அணைந்த பிறகும் அப்படியே நிற்கிறதா? இது ஒன்று. இரண்டாவதற்குக் கருவிகூட வேண்டாம். தூங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் ஆறிலிருந்து எட்டு வாரம் தினமும் ஒரு தாளில் வரிவரியாகக் குறித்து வாருங்கள், பார்வையில்லாதவருக்காக வீட்டில் இருப்பவர் குறிக்கலாம். கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக இறங்கினால், வேலை, சாப்பாடு, வீட்டு நடைமுறை என்று எதனால் வேண்டுமானாலும் அந்த ஒழுங்கு வந்திருக்கலாம், ஆனால் அந்தக் கண் இன்னும் வெளிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருக்கவும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போனால், அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு உறக்க மருத்துவரிடம் போங்கள்.